பாடியவர் பெயர்

புறநானூற்றை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது நான் பாடலிலிருந்து தொடங்குவதில்லை. பாடலுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பிலிருந்து தொடங்குவேன். இன்ன திணை, இன்ன துறை, இன்னாரை இன்னார் பாடியது. பாடல் காற்றில் மிதந்து வந்ததன்று, அதற்கு ஓர் ஆள் இருந்தார் என்று சொல்லும் வரி அது. 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் 269-ஆம் பாடலை யாரும் 267 ஆக்கிவிடவில்லை. இல்லாத பாடலுக்கும் அதன் இடம் அப்படியே இருக்கிறது. தொகுத்தவர்களின் நேர்மைக்கு அந்த வெற்றிடமே சான்று என்று வகுப்பில் சற்று உணர்ச்சியோடு சொல்வது என் வழக்கம்.

இதை ஆண்டுதோறும் சொல்லிவந்த நான், என் சொந்தத் தொகுப்பில் அந்த நேர்மையைக் கடைப்பிடிக்கவில்லை. அதை எனக்கு எடுத்துச் சொன்னது ஒரு கணிப்பொறி நிரல். ஆங்கிலத்தில் ஒரே வரி. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2002-ஆம் ஆண்டு கோடையில், முதுகலை ஆய்வேட்டுக்காக மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒப்பாரிப் பாடல்கள் சேகரித்தேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பதால் பெண்கள் என்னை ஊருக்கு வெளியே களத்துமேட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியும் நான்கு நாடாக்களும் என்னிடம் இருந்தன. நாடா தீர்ந்த பிறகு கையால் எழுதினேன். 27 பெண்கள், 86 பாடல்கள், மூன்று நோட்டுப் புத்தகங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிடும். குரல் உடைந்து ஓர் அசை விழுங்கப்படும். அந்த இடத்தில், எழுத்துக்கு மேலே ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை இட்டுக்கொண்டேன். விம்மலுக்கு நான் கண்டுபிடித்த குறியீடு அது. இளமையில் அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆய்வேடு ஏற்கப்பட்டது. நோட்டுப் புத்தகங்கள் வீடு மாறும்போதெல்லாம் பெட்டியோடு பெட்டியாக மாறிக்கொண்டிருந்தன. 2023-இல் திறந்து பார்த்தபோது இரண்டு நாடாக்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. இனியும் தாமதித்தால் எதுவும் மிஞ்சாது என்று அஞ்சிப் பாடல்களைக் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கினேன். மாணவர்கள் இருவர் தட்டச்சில் உதவினார்கள்.

எங்கள் கல்லூரியின் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் பேராசிரியை ஒருவர்தான் எனக்கு வழி காட்டினார். “வேர்டுல வெச்சிருந்தா தேடத்தான் முடியும் சார். டேட்டாபேஸ்ல போட்டா கேள்வி கேட்கலாம்” என்றார். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டு, பொதுவுடைமையாகவே விட்டுவிட்ட எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தை என் மடிக்கணினியில் அமைத்துத் தந்தார். தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். அதில் மூன்று அட்டவணைகள்: ஊர், பாடகர், பாடல். பைத்தான் மொழியில் பத்துப் பதினைந்து வரி எழுதக் கற்றுக்கொடுத்தார். தட்டச்சுச் செய்த கோப்பை நிரல் படிக்க வேண்டும். ஒவ்வொரு பாடலையும் அட்டவணையில் ஒரு வரிசையாகச் செருக வேண்டும். அதற்கான கட்டளையின் பெயரே ‘இன்செர்ட்’ என்பதுதான். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஓர் இலக்கணம் கற்கும் மகிழ்ச்சியில் இருந்தேன்.

முதல் தடை விம்மலில் வந்தது.

கட்டளையின் சொற்களையும் பாடலின் சொற்களையும் ஒட்டவைத்து ஒரே தொடராக்கி அனுப்பும்படி நான் நிரல் எழுதியிருந்தேன். தரவுத்தளத்தின் மொழியில், ஒரு சரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டுவது ஒற்றை மேற்கோள் குறி. என் நோட்டிலோ அதே குறி விம்மலைக் குறித்தது. அந்தப் பெண் குரல் உடைந்த இடத்தில் பாட்டு முடிந்துவிட்டதென்று இயந்திரம் எடுத்துக்கொண்டது. எஞ்சிய பாட்டைக் கட்டளை என்று நினைத்துப் படிக்க முயன்றது. விம்மலுக்கு அடுத்த சொல்லைச் சுட்டிக்காட்டி, இதனருகே தொடரமைப்புப் பிழை என்று சொல்லி நின்றுவிட்டது.

அம்மையாரிடம் காட்டினேன். சிரிக்கவில்லை. “இது சின்னத் தப்பு இல்ல சார், இதாலதான் திருடனே உள்ள வர்றான்” என்றார். இணையதளப் படிவங்களில் பெயர் கேட்குமிடத்தில், பெயருக்குப் பதில் ஒரு மேற்கோள் குறியையும் அதையடுத்து ஒரு கட்டளையையும் எழுதி அனுப்புவார்களாம். ஒட்டுப்போட்டுத் தொடர் அமைக்கும் நிரல் அந்தக் கட்டளையையும் சேர்த்தே தரவுத்தளத்திடம் கொடுத்துவிடும். இதைத் தவிர்க்கும் முறை எளியது. கட்டளையில் மதிப்பு வரவேண்டிய இடங்களில் கேள்விக்குறிகளை மட்டும் வைக்க வேண்டும். பாடலைத் தனியே கொடுக்க வேண்டும். தரவுத்தளம் கட்டளையை முதலில் படித்துப் பொருள் கொண்டுவிடும். பிறகு வருவது எதுவாயினும் அது வெறும் மதிப்பு. அதைக் கட்டளையாக ஒருபோதும் படிக்காது. கேள்விக்குறிகளை வைத்ததும் விம்மல்கள் எல்லாம் எழுதியபடியே உள்ளே சென்றன.

இரண்டாவது தடைக்கு ஓசையே இல்லை. ஓர் இரவு நாற்பது பாடல்களைச் செருகினேன். பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. நிம்மதியாக மூடிவிட்டு உறங்கினேன். காலையில் அட்டவணை காலியாக இருந்தது. செருகுவது வேறு, உறுதிப்படுத்துவது வேறு என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பைத்தானின் வழக்கமான அமைப்பில், முதல் வரிசையைச் செருகும்போதே நமக்குத் தெரியாமல் ஒரு பரிமாற்றம் தொடங்கிவிடுகிறது. ‘கமிட்’ என்று நாம் சொல்லும்வரை எல்லாம் தற்காலிகம்தான். சொல்லாமல் மூடினால் ஒன்றும் நடவாதது போலாகிவிடும். தட்டச்சுக் கோப்பு இருந்ததால் இழப்பு ஏதுமில்லை. நிரலை மறுபடி ஓட்டினால் போதுமானதாக இருந்தது. ஆனாலும் அந்தக் காலை நேரத்துச் சுழியம் மனத்தை என்னவோ செய்தது.

மூன்றாவது தடை, தமிழாசிரியனான எனக்கே உரியது. ஊர் அட்டவணையில் ஒரே பெயர் இருமுறை வரக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்திருந்தோம். அப்படியிருந்தும் ‘கோட்டை’ என்று முடியும் ஊர்ப் பெயர் ஒன்று இரண்டு வரிசைகளில் இருந்தது. எழுத்தெண்ணிப் பார்த்தேன், வேறுபாடே தெரியவில்லை. விளக்கம் பிறகு கிடைத்தது. யூனிக்கோடு முறையில் ஓகார உயிர்மெய்யை இரண்டு விதமாக எழுதலாம். மெய்க்குரிய எழுத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணில்லாத இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு. ஒரு மாணவர் நேரடியாகத் தட்டச்சுச் செய்திருந்தார். மற்றவர் பழைய எழுத்துருவில் இருந்ததை ஒரு கருவி கொண்டு மாற்றியிருந்தார். செருகுவதற்கு முன் ஒவ்வொரு சரத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வரியொன்றை நிரலில் சேர்த்தோம். அதன்பின் இரண்டு கோட்டைகளும் ஒன்றாயின.

இவையெல்லாம் தொழில்நுட்பத் தடைகள். நான்காவதை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பாடல் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும், பாடியவரின் எண்ணுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்த எண் பாடகர் அட்டவணையில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பாடலைச் செருக முடியாது. ஆகவே வரிசைமுறை இது: முதலில் மனுஷியைச் செருகவேண்டும், அவருக்குக் கிடைத்த எண்ணைப் பெற்றுக்கொள்ளவேண்டும், அதன்பிறகே அவருடைய பாட்டைச் செருகவேண்டும். இரண்டும் ஒரே பரிமாற்றத்துக்குள் நடக்கும். ஒன்று தவறினால் இரண்டுமே இல்லை. பாடகர் அட்டவணையில் பெயர் என்னும் நெடுவரிசைக்கு, அம்மையார் ‘நாட் நல்’ என்ற கட்டுப்பாட்டை இட்டிருந்தார். அதாவது பெயர் இல்லாமல் எவரும் உள்ளே வர முடியாது.

நிரலை ஓட்டினேன். சில பாடல்கள் சென்றன. பிறகு நின்றது. பெயர் நெடுவரிசையின் ‘நாட் நல்’ கட்டுப்பாடு தவறியது என்றது அந்த ஒற்றை வரிச் செய்தி.

தட்டச்சில் விடுபட்டிருக்கும் என்று நினைத்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். விடுபடவில்லை. என் கையெழுத்தில், 22 வருடங்களுக்கு முந்தைய நீல மையில் இருந்தது இவ்வளவுதான்: “மூதாட்டி, வயது 62, விவசாயக் கூலி, கணவர் இல்லை.” அடுத்த பக்கம்: “வடக்குத் தெருப் பெரியம்மா, வயது 50 இருக்கலாம்.” அடுத்தது: “முன்பு பாடியவரின் நாத்தனார்.” 27 பெண்களில் ஆறு பேருக்கு மட்டுமே பெயர் எழுதியிருந்தேன். வயதைக் கேட்டிருக்கிறேன். தொழிலைக் கேட்டிருக்கிறேன். வழிகாட்டி கொடுத்த படிவத்தில் அவை இருந்தன போலும். பிறந்த ஊரின் பெயராலும் மூத்த மகனின் பெயராலும் ஊரார் அவர்களை அழைத்தார்கள். நானும் அத்தை என்றும் பெரியம்மா என்றும் அழைத்தேன். அந்த உறவுச் சொற்களில் அன்பு இருந்தது உண்மைதான். பெயரைக் கேட்கவேண்டிய அவசியத்தை அந்த அன்பே எனக்கு மறைத்துவிட்டது என்பதும் உண்மைதான்.

அன்று மாலை நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நிரலில் ஒரு வரி சேர்த்தேன். பெயர் காலியாக இருந்தால் ‘ஒரு மூதாட்டி’ என்று போட்டுக்கொள். கட்டுப்பாடு நிறைவேறியது. 86 பாடல்களும் சரசரவென்று உள்ளே சென்றன. இம்முறை மறக்காமல் கமிட் செய்தேன்.

மறுநாள் அம்மையார் சொன்ன ‘கேள்வி கேட்பது’ எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு, யார் எத்தனை பாடல் பாடியிருக்கிறார் என்று கேட்டேன். பட்டியல் வந்தது. முதலிடத்தில் ‘ஒரு மூதாட்டி’, 61 பாடல்கள். பெயர் ஏற்கெனவே அட்டவணையில் இருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள், இல்லையென்றால் புதிய வரிசை செருகு என்று நிரல் எழுதியிருந்தேன். 21 பெண்கள் ஒரே வரிசைக்குள் போய்விட்டார்கள். கணவனை இழந்தவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் தாயைப் புதைத்தவரும் ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். ஒருத்தியே இத்தனை சாவுக்கும் அழுதாள் என்றது என் அட்டவணை. அச்சில் வந்த என் ஆய்வேடும் இதையேதான் சொல்லியிருக்கிறது. அதில் ‘தகவலாளி: மூதாட்டி’ என்றிருக்கும். யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும் உறுத்தவில்லை. எண்ணிக் காட்டியபோதுதான் உறுத்தியது.

“அந்த நாட் நல்லை எடுத்துவிடலாமா மேடம்?” என்று கேட்டேன்.

“எடுத்துடலாம் சார், பெரிய வேலை இல்ல” என்றார். சிறிது நேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா சார், தெரியலங்கறதும் கேட்கலங்கறதும் ஒண்ணுதானா?”

‘நல்’ என்பதற்கு வெறுமை என்று பொருள் கொண்டிருந்தேன். அப்படியன்று என்று விளக்கினார். எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் வேறு, நல் வேறு. வெற்றுச் சரம் ஒரு மதிப்பு. நல் என்பது மதிப்பே அறியப்படாத நிலை. அதனால் ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமமா என்று கேட்டால், தரவுத்தளம் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அறியப்படாத இரண்டு பேரை ஒரே ஆள் என்று சொல்ல அதற்கு உரிமையில்லை. ‘ஒரு மூதாட்டி’ என்று எழுதி நான் எடுத்துக்கொண்டது அந்த உரிமையைத்தான்.

நம் முன்னோரும் இந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். சங்கப் பாடல்களைத் தொகுத்தபோது புலவரின் பெயர் தெரியாத இடங்களில், பாட்டில் வரும் தொடராலேயே பெயர் வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பெயர். மரியாதைக்கு ஓர் ‘ஆர்’ விகுதி. இருவர் ஒருவராகிவிடாதபடி காத்தார்கள். அப்படியும் செய்ய இயலாத சில பாடல்களைப் பெயரில்லாமலேயே விட்டார்கள். அந்தத் தொகுப்பாளர்களுக்குப் புலவரைப் பார்த்துக் கேட்க வழியிருந்திருக்காது. எனக்கு இருந்தது. எதிரே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

2024 மாசியில், சம்பா அறுவடை முடிந்தபின், நோட்டுப் புத்தகங்களின் நகலோடு அந்த ஊருக்குப் போனேன். களத்துமேடு பாதியாகச் சுருங்கியிருந்தது. பலர் காலமாகிவிட்டார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் பாடலை வாசிக்கத் தொடங்கினேன். வீட்டுக்கார அம்மாள் பதறித் தடுத்தார். “வீட்டுல வேணாம் தம்பி.” மறுபடியும் ஊருக்கு வெளியே நடந்தோம். அங்கே வாசித்தேன். நான்கு வரி தாண்டியதும் அவர் என்னை முந்திக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னார். “இது எங்க ஆயி பாட்டு தம்பி. எங்க மாமா செத்ததுக்குப் பாடுனது” என்றார். ஆயியின் பெயரைக் கேட்டேன். சற்று யோசித்தார். வீட்டுக்குத் திரும்பியதும் பெட்டியிலிருந்து பழைய குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். அட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். “வாயால சொல்லிப் பழக்கமில்ல தம்பி, அதான்” என்றார்.

இரண்டு நாள்கள் தங்கினேன். பாடல்களே ஆட்களைக் காட்டிக்கொடுத்தன. எந்தச் சாவு, எந்த வருஷம், பாட்டில் வரும் வயல் யாருடையது என்று பெண்கள் தங்களுக்குள் வாதாடி முடிவுக்கு வந்தார்கள். 15 பேரின் பெயர்கள் கிடைத்தன. அவற்றில் இரண்டு ஒரே பெயர். நிரலில் நான் செய்திருந்தது போலப் பெயரை வைத்து ஆளைத் தேடுவது எவ்வளவு தவறு என்பதும் தெரிந்தது. ஆளுக்கு ஓர் எண் வேண்டும். பெயர் அந்த எண்ணைச் சேர்ந்தது.

பெயர் கிடைத்தவர்களில் மூவர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் நோட்டில் ‘வயது 62’ என்றிருந்தவர். கண் பார்வை மங்கிவிட்டது. குரல் கேட்டு, “அப்ப டேப்பு வச்சிக்கிட்டு வந்த தம்பிதானே” என்றார். ஆமாம் என்றேன். வந்த காரணத்தைச் சொன்னேன். பெயரைச் சொன்னார். நல்ல பெயர். பிறகு, குறையாக அல்லாமல் சாதாரணமாகவே சொன்னார்: “அப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி. நீங்க பாட்டைத்தானே கேட்டீங்க.”

திரும்பி வந்து பாடகர் அட்டவணையைப் புதிதாக அமைத்தோம். இப்போது பெயர் என்னும் நெடுவரிசை நல்லாக இருக்கலாம். ஆனால் பக்கத்தில் ‘பெயரின்மைக்குக் காரணம்’ என்று இன்னொரு நெடுவரிசை உண்டு. இரண்டில் ஒன்றாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. நிரலிலிருந்து ‘ஒரு மூதாட்டி’ வரியை நீக்கினேன். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் நானே ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் கொண்டே வரிசைகளைச் செருகினேன். 27 பெண்கள், 27 வரிசைகள். அவர்களுக்குப் பின்னால் 86 பாடல்கள். யார் எத்தனை பாடல் என்று மறுபடி கேட்டபோது பட்டியல் நீளமாக வந்தது.

உயிரோடிருப்பவர்களிடமும் மற்றவர்களின் பிள்ளைகளிடமும், பெயரை அச்சில் போடலாமா என்று இனிமேல்தான் முறைப்படி கேட்கவேண்டும். அதனால் ஒரு பெயரையும் இங்கே நான் எழுதவில்லை. கேட்காமல் செய்வதை ஒருமுறை செய்தாகிவிட்டது.

ஆறு பேரின் பெயர் கிடைக்கவே இல்லை. அவர்களை நினைவுகூர ஊரில் ஆளில்லை. சில குடும்பங்கள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டன. அந்த ஆறு வரிசைகளுக்கும் காரணத்தை நானே தட்டச்சுச் செய்தேன். ‘தகவல் இல்லை’ என்று முதலில் எழுதி, பிறகு அழித்தேன். இப்போது அங்கே இருப்பது: “சேகரித்தவர் கேட்கவில்லை.” ஆறு முறை அதையே எழுதினேன். ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கமிட் செய்தேன்.